அழிச்சுட்டுப் பாரு

ஒக்காருங்க சார், ஜன்னலோரம் நீங்களே ஒக்காருங்க. எனக்கு எதுர்க்காத்து ஆகாதுங்க. நீங்க எங்க, மைசூருங்களா? அப்பச் சத்தியமங்கலத்துல எறங்கி மாறிக்கோணும். நானும் சத்திதானுங்க. கோபியில இருந்து முக்கா மணி நேரம், அதுக்கு மேல ஆகாது.

அங்க பாத்தீங்களா, டிரைவருக்கு முன்னாடி? ஸ்பீடு முள்ளுக்குக் கீழ ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்குதுங்களா? அதுக்கு அடியில இஞ்சின் லைட்டு எரிஞ்சுட்டு இருக்குதுங்க. ஓரத்துல மஞ்சளாத் தெரியுது பாருங்க. லைட்டு கண்ண உறுத்துதுன்னு பொண்டாட்டி பொட்ட எடுத்து ஒட்டிட்டாரு மனுசன். சிரிக்காதீங்க சார், நெசமாத்தான் சொல்றேன். இந்த மாதிரி ஆளுங்கள வெச்சுத்தானுங்க என்ற பொழப்பே ஓடுது.

எம்பேரு நாச்சிமுத்து. ஸ்கேனர் நாச்சின்னு கேட்டீங்கன்னா கோபி வட்டாரத்துல எந்த ஒர்க்‌ஷாப்புலயும் சொல்லுவாங்க. இப்ப வர்ற வண்டியெல்லாம் முன்ன மாதிரி இல்லீங்களே. உள்ள ஒரு கம்ப்யூட்டரு ஒக்காந்துட்டு இருக்குது. எந்தக் கோளாறு வந்தாலும் ஒரு நம்பரப் போட்டு எழுதி வெச்சுக்கும். நாங்க கோடும்போம். என்னைக்கு, எத்தனாவது கிலோமீட்டர்ல வந்துச்சு, அப்ப வண்டி என்ன வேகம், பிரேக்க மிதிச்சானா இல்லையா, எல்லாம் எழுதியிருக்கும். மெக்கானிக் பிரிச்சு மாட்டி எல்லாஞ் சரி பண்ணுனாலும் லைட்டு தானா அணையாதுங்க. நான் போயி மெஷினச் சொருகி அழிச்சு விட்டாத்தான் அணையும்.

இதுல எனக்குன்னு ஒரு முறை இருக்குது சார். மொதல்ல அழி, அப்பறம் பாரு. நெறையப் பேரு கோட ஒவ்வொண்ணா படிச்சு, அதுக்கு அர்த்தம் தேடி, ஒரு நாள் பூரா தலைய ஒடச்சுக்குவான். நான் அப்படியில்லீங்க. எல்லாத்தையும் ஒரே அழுத்துல அழிச்சுருவேன். அழிச்சுட்டு ஓட்டிப் பாத்தா, நெசமான கோளாறு மட்டும் திரும்பி வரும். மத்ததெல்லாம் சும்மா வந்த பூச்சாண்டி. பதினொரு வருசமா இப்படித்தான் பண்றேன். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி கூட...

இருங்க, போனு அடிக்குது.

சொல்லுங்க மேனேஜர்... பஸ்ஸுல வந்துட்டு இருக்கறனுங்க... ஐயோ, காரெல்லாம் அனுப்ப வேண்டாமுங்க, ஏறியாச்சு... ஆமாங்க, பத்தரைக்கு முன்னாடியே வந்துருவேன்... அதேதானுங்க. 'ஸ்கேன் பண்ணிப் பாத்தேன், கோளாறு ஒண்ணும் இல்லை.' அவ்வளவுதான் சொல்லுவேன்... வேற என்னத்தச் சொல்லப் போறேன்... சரிங்க, வெச்சர்றனுங்க.

காலைல இருந்து இது நாலாவது போனுங்க சார். பால் காச்சறதுக்கு முன்னாடி ஒண்ணு, குளிக்கையில ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, இப்ப ஒண்ணு. மில்லு மேனேஜரு, சபாபதின்னு பேரு. கழுவுற மீன்ல நழுவுற மீனு. ஒரு வார்த்தை கூட இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு சொல்ல மாட்டாரு. 'பாத்துக்கங்க நாச்சி' அப்படிம்பாரு. அவ்வளவுதான். அந்த மில்லுக்கு நாப்பது வண்டி சார். நாப்பதும் என்ற கடைக்குத்தான் வருது. பாத்துக்கோணுமில்லீங்க?

கோர்ட்டுக்குப் போறனுங்க. அட, தள்ளி ஒக்காராதீங்க சார், நான் குத்தவாளி இல்லை. சாட்சி. சம்மன் வந்திருக்குது, பாருங்க, சட்டைப் பாக்கெட்டுலயே வெச்சிருக்கேன். நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்லீங்க. பொய் சொன்னாத்தான பயப்படோணும்? மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்பாங்க. என்ற மடியில ஒரு கனமும் இல்லை. ஆனா தூக்கம் மட்டும் வரலை.

என்ன கேசுன்னு கேளுங்க. மாரப்பன்னு ஒரு டிரைவரு, அந்த மில்லு வேன ஓட்டறவன். தாளவாடிப் பக்கத்து ஊர்ப் பொம்பளைங்கள திங்கக்கிழமை காலைல மலைல இருந்து எறக்கிக் கொண்டாந்து மில்லுல விடோணும். போன கார்த்திகையில ஒரு நாள், திம்பம் மலைப்பாதையில இருபத்தேழு வளைவும் எறங்கிட்டு, அடிவாரத்துக்கு வந்தப்ப பிரேக்கு புடிக்கலைங்கறான். வண்டிய மண்மேட்டுல கொண்டு போயி மோதியிருக்கறான். நடுவுல டிவிஎஸ்ஸுல வந்த பால்காரரு மாட்டிக்கிட்டாரு. பாவம், அங்கயே உசுரு போயிருச்சு. வேனுக்குள்ள பதினாலு பொம்பளைங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை.

கவனமில்லாம ஓட்டி ஆளக் கொன்னுட்டான்னு மாரப்பன் மேல கேசுங்க. வண்டியில கோளாறுன்னு ஆச்சுன்னா அவன் தப்பிச்சான். கோளாறு இல்லைன்னு ஆச்சுன்னா உள்ள போக வேண்டியதுதான், லைசென்சும் போயிரும். டிரைவருக்கு லைசென்சு போனா அப்பறம் என்னங்க இருக்குது? கோளாறு இருந்துச்சா இல்லையான்னு சொல்ல வேண்டிய ஆளு நானு. வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா ஆகிப் போச்சு.

கரட்டடிபாளையம் வந்துருச்சுங்களா? இந்த டிரைவரு என்னங்க இப்படிப் பறக்கறாரு.

நான் எப்படி இதுல வந்து மாட்டுனேன்னு சொல்றேன். ஆக்சிடென்ட்டுக்கு மறுநாள் சபாபதி போன் பண்ணுனாரு. 'நாச்சி, பதினோரு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டரு வண்டிய ஓட்டிப் பாக்க வர்றாரு. வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. வந்து பாத்துக்கங்க'ன்னாரு. போனேன். வேப்பமரத்தடியில முன்பக்கம் நசுங்கிப் போயி நிக்குது வண்டி. டேஷ்போர்டுல எல்லா லைட்டும் எரியுது. மோதுன வேகத்துல டீசல் வர்றத கம்ப்யூட்டரே நிறுத்தி வெச்சிருந்துச்சுங்க. அத எடுத்து விட்டாத்தான் ஸ்டார்ட் ஆகும். இது என்ற சோலிதானுங்களே. நான் போகலீன்னா வேற எவனாவது போயி எடுத்து விட்டிருப்பான்.

மாரப்பனும் அங்கதான் இருந்தான். தலையில கட்டு, கையில கட்டு, பக்கத்துல ஒரு போலீஸ்காரரு. என்னையப் பாத்ததும் அவன் மூஞ்சி தெளிஞ்சுருச்சுங்க. 'அண்ணா, நீங்களே வந்துட்டீங்களா? அதுல எல்லாம் பதிஞ்சிருக்குமில்லீங்ணா? பெடலு கல்லாட்டம் ஆயிருச்சுங்ணா, ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சுப் பாத்தேன்'னான். போலீசு இருக்கையில நாம எதுக்குங்க வாய் குடுக்கோணும். மெஷினச் சொருகுனேன். சாவி போட்டேன். கோடு வந்துச்சு. அழிச்சேன். வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு.

அவ்வளவுதானுங்க நடந்தது. இன்ஸ்பெக்டரு வந்தாரு. அந்த எடத்துலயே முன்னாடி பத்தடி, பின்னாடி பத்தடி ஓட்டிப் பாத்தாரு. பிரேக்கு புடிச்சுது. 'என்னப்பா, கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் இருக்குதா?'ன்னு என்னையக் கேட்டாரு. மெஷினத் திருப்பிக் காட்டுனேன். 'பாத்தேன், ஒண்ணும் இல்லீங்க'ன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. இதுல என்னங்க பொய்? நான் காட்டுனப்ப மெஷின்ல ஒண்ணும் இல்லைதானே?

என்னங்க சார் அப்படிப் பாக்கறீங்க?

அழிக்கறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதையே கேளுங்க. அழிக்கறதுக்கு முன்னாடி ஆயிரம் இருக்கும். மோதுன வண்டியில எல்லா லைட்டும் எரியத்தான் செய்யும். அதையெல்லாம் படிச்சுட்டு நிக்க முடியுமா? பழக்கமுங்க. கையி தானாப் போயி அழுத்திருச்சு. பதினொரு வருசப் பழக்கம் ஒரே நாள்ல மாறிருமா? அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கோணும்னு ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்கதான். நானே புதுசா மெஷின் வாங்கறவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆனா அவசரத்துல எவனுங்க எடுக்கறான்?

சபாபதி அழிக்கச் சொல்லவே இல்லீங்க. சாமி மேல சத்தியமாச் சொல்லலை. பின்னாடி நின்னுட்டு, 'மணி பத்தே முக்கால் ஆச்சு நாச்சி'ன்னு மட்டும் சொன்னாரு.

கண்ணுல பட்டுச்சுங்க. இல்லைங்கலை. அழிக்கவான்னு மெஷினு ஒரு தடவ கேக்கும். அப்பக் கண்ணுல பட்டுச்சு. பிரேக்குக்குப் போற வேக்கம் கம்மின்னு ஒரு கோடு. அதாவதுங்க, நாம லேசா மிதிச்சாலே இவ்வளவு பெரிய வண்டி நிக்குதில்லீங்களா, அதுக்கு ஒரு உறிஞ்சற சக்தி வேணும். ரப்பர் பைப்பு வழியா அது போகுது. அந்தப் பைப்பு சூட்டுல சப்பிக்கிச்சுன்னா பெடலு கல்லாட்டம் ஆயிரும். மலை எறங்கையில விடாம மிதிச்சுட்டே வரோணும், இஞ்சின் சூடேறும், அப்பத்தான் சப்பும். வேப்பமரத்தடியில பத்தடி ஓட்டுனா நல்லாத்தான் புடிக்கும்.

அந்தக் கோடு ஒரு தடவ இல்லீங்க. நாலு தடவ பதிஞ்சிருந்துச்சு. சனிக்கிழமை ரெண்டு தடவ, திங்கக்கிழமை ரெண்டு தடவ. கடைசியா எண்பத்தி நாலாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டாவது கிலோமீட்டர்ல. வேகம் முப்பத்தாறு. பிரேக்கு மிதிச்சிருக்குதுன்னும் போட்டிருந்துச்சு.

ஒரு கண்ணிமைக்கற நேரம் பாத்ததுங்க. ஆறு மாசம் ஆச்சு. இன்னும் நம்பரு மறக்க மாட்டேங்குது. என்ற பொண்ணு கல்யாணத் தேதியக் கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவேன், இந்த எழவு நம்பரு மட்டும் அப்படியே நிக்குது.

சரி, அதுக்கு நான் என்னங்க பண்றது? அழிஞ்சது அழிஞ்சதுதான். திரும்பி எடுக்க முடியாது. அப்ப அந்த இன்ஸ்பெக்டருகிட்ட, 'ஐயா, இருந்துச்சுங்க, நான் அழிச்சுட்டனுங்க'ன்னு சொன்னா என்னைய உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க. சாட்சிய அழிச்சவன்னு பேராகும். அவன் போற செயிலுக்கு நான் போகோணும். ஏனுங்க, எனக்கும் குடும்பம் இருக்குதில்லீங்க?

கொடிவேரி பிரிவுங்களா இது? பாதி தூரம் வந்தாச்சு.

தண்ணி இருக்குதுங்களா சார்? குடுங்க.

மாரப்பன் நல்லவந்தானுங்க. குடிக்க மாட்டான், வண்டிய அடிச்சு ஓட்ட மாட்டான். ஆனா ஒரே நச்சரிப்பு. ஒரு சத்தம் கேட்டாப் போதும், 'அண்ணா இது என்னங்ணா, அது என்னங்ணா'ன்னு வந்து நிப்பான். அன்னைக்கும் அப்படித்தான். அந்தப் பைப்ப மில்லு மெக்கானிக் மாத்தியிருக்கறான். எங்கயோ கெடந்த பழைய துண்டப் போட்டு, கம்பியச் சுத்திக் கட்டியிருக்கறான். மாத்துனதுக்கப்பறம் லைட்டு அணையலை. அத அழிக்கறதுக்கு மாரப்பன் எங்கிட்ட வந்தான். அழிச்சேன். 'அண்ணா, பெடலு இன்னும் அப்பப்ப இறுகுதுங்ணா, ஒரு ரவுண்டு நீங்களே ஓட்டிப் பாருங்க'ன்னான். நான்...

இல்லீங்க, இது ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடி. ஆமா, முன்னாடிதான். மூணு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை. சொல்லலீங்களா நானு? சொன்னேன்னு நெனச்சேன்.

அட, அது ஒரு பெரிய விசயமில்லைன்னு சொல்லலீங்க. லைட்டு அணைக்கறதுதான என்ற வேலை? பைப்பப் பாக்கறது மெக்கானிக் வேலை. என்ற முறைப்படி அழிச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுத்தான் சாவி குடுப்பேன். எந்த வண்டியா இருந்தாலும் ஓட்டிப் பாப்பேன். அன்னைக்கு என்ற தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. கெடா வெட்டு. காது குத்தற நேரமாச்சுன்னு ஊட்டுக்காரி மூணு தடவ போன் பண்ணிட்டா. தாய்மாமன் நானு, எம்மடியில வெச்சுத்தான் குத்தோணும், நான் இல்லாம எப்படிங்க? 'லைட்டு போயிருச்சில்ல, போ. திரும்பி வந்தா வா'ன்னு தாட்டி விட்டுட்டேன். அவனும் சரிங்ணான்னு போயிட்டான்.

அஞ்சு நிமிசமுங்க. ஒரு ரவுண்டுன்னா அஞ்சு நிமிசம். கச்சேரிமேடு வரைக்கும் போயிட்டுத் திரும்புனா முடிஞ்சுது.

இத எவனும் கேக்க மாட்டான் சார். பில்லு கெடையாது, நோட்டுல எழுதலை. எனக்கும் அவனுக்குந்தான் தெரியும். அவனோட வக்கீலு ஒரு தடவ கடைக்கு வந்தாரு. 'ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடி அந்த வண்டிய நீங்க பாத்திருக்கீங்களா'ன்னு கேப்பாருன்னு காத்துட்டே இருந்தேன். கேக்கவே இல்லீங்க. ஏன் கேக்கலைன்னு இன்னும் எனக்கு விளங்கலை. மாரப்பன் சொல்லாம இருப்பானா? சொல்லியிருப்பான். பெரிய திட்டமா வெச்சிருக்கறாங்க, கோர்ட்டுல நிக்க வெச்சு மடக்கப் போறாங்கன்னு நெனச்சுத்தான் எனக்கு வெசனம். அதுக்குத்தான் தூக்கம் வரலை. வேற ஒண்ணுமில்லை.

மடக்குனா என்ன சொல்றதுன்னு ரோசனை பண்ணி வெச்சிருக்கேன். 'கடைக்கு நாளைக்கு இருவது வண்டி வருதுங்க, எனக்கு ஞாபகம் இல்லீங்க.' இது போதுமில்லீங்க? ஞாபகம் இல்லைன்னா ஜட்ஜய்யா என்ன பண்ணுவாரு?

அரியப்பம்பாளையம் வந்துருச்சு. கூட்டம் ஏறுது பாருங்க. இன்னைக்கு சந்தையா என்ன?

அட கெரகமே!

சார், இந்தப் பக்கம் திரும்புங்க. என்னைய மறைச்சு ஒக்காருங்க கொஞ்சம். அந்த ஊதாச் சேலை, படிக்கட்டுல ஏறுதே, மஞ்சப்பையி கையில. மாரப்பன் சம்சாரமுங்க. ருக்மணி. கோர்ட்டுக்குத்தான் போகுது. பாத்துருச்சா? பாக்கலைல்ல? இல்லை, பாத்துருச்சு. வருது.

வாம்மா... நல்லாருக்கியா... ஆமாம்மா, கோர்ட்டுக்குத்தான்... அவரு முன்னாடியே போயிட்டாரா, சரி சரி... இல்லம்மா, நீ ஒக்காரு இங்க, நான் எந்திரிச்சுக்கறேன்... ஏம்மா, என்னத்துக்குக் கண்ண கசக்கற, பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க... ம்... ம்... சொல்றேம்மா... சரி, நீ முன்னாடி போயி நில்லு, பொம்பளைங்க சீட்டு காலியாகும்... போ கண்ணு.

கேட்டீங்களா சார்? நீங்க பக்கத்துல இருந்தீங்கள்ல? உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல?

என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா? 'நீங்க வந்தீங்க, அது போதுங்ணா'ங்குது. எனக்கு டிக்கெட் எடுக்கறேன்னு பையத் தொறக்குது சார்! நான் கோபியிலயே எடுத்துட்டேன்னு சொன்னாலும் கேக்காம ஆரஞ்சுப் பழம் ரெண்ட எடுத்து மடியில வெச்சுட்டுப் போகுது. இந்தா, இத நான் எப்படிங்க திங்கறது?

வக்கீலு கேக்காததுக்குக் காரணம் சொல்லுச்சு கேட்டீங்களா? மாரப்பன் சொல்ல வேண்டாம்னுட்டானாம். வெள்ளிக்கிழமை வண்டிய எங்கிட்டக் காட்டுனத வக்கீலுகிட்டக் கூடச் சொல்லக் கூடாதுன்னு சம்சாரத்துகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறான். 'நாம போயி அண்ணன் பேரச் சொல்லி இழுத்தா அவரு கடைக்குக் கெட்ட பேரு. அவரே கோர்ட்டுல சொல்லுவாரு. அவரு வாயில வரோணும், அதுதான் மரியாதை'ன்னானாம். திட்டம் போட்டு மடக்கப் போறான்னு நான் ஆறு மாசமாத் தூங்காம கெடக்கறேன், அவன் எனக்கு மரியாதை பாத்துட்டு இருந்திருக்கறான் சார்.

பைத்தியக்காரன். செயிலுக்குப் போறவன் பாக்கற மரியாதையா இது?

இன்னொண்ணு சொல்லுச்சே. அதையும் கேட்டிருப்பீங்க. சனிக்கிழமை.

'சனிக்கிழமை பொழுதோட அவரு உங்களுக்குப் போன் பண்ணுனப்ப நானும் பக்கத்துலதான் இருந்தனுங்ணா'ன்னுச்சு. ஆமாங்க. பண்ணுனான். லைட்டு திரும்பி வந்துருச்சுங்ணான்னு சொன்னான். உங்ககிட்ட நான் இத மறைக்கோணும்னு மறைக்கலை. எனக்கே சொல்லிக்க முடியலை. திரும்பி வந்தா நெசமான கோளாறுன்னு சொன்னேனே, அது என்ற வாயில இருந்து வந்ததுதானே? என்ற முறைதானே அது? திரும்பி வந்துருச்சுன்னுதான் அவன் சொன்னான். நெசமான கோளாறுன்னு எனக்கு அந்த நிமிசமே தெரியும் சார். பத்து நிமிசத்துல வண்டியக் கொண்டாந்திருப்பான். 'மலைக்கு எடுக்காத'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும், அவன் எடுத்திருக்க மாட்டான். நான் சொன்னா அப்படிக் கேப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? 'திங்கக்கிழமை ட்ரிப்ப முடிச்சுட்டு வா, பாத்துக்கலாம்'னேன்.

பாத்துக்கலாம்னேன். அந்த சபாபதி சொல்ற மாதிரியே.

அந்தப் பால்காரருக்கு என்ற வயசுதான் சார். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அந்தப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன்.

இருங்க, போனு அடிக்குது. சபாபதிதான். அடிக்கட்டும். எடுக்கலை. எடுத்தா நான் சரிங்க சரிங்கன்னு சொல்லிருவேன். எனக்கு என்னையத் தெரியும். கோர்ட்டுல கூண்டுல ஏறுனாலும் அப்படித்தான் ஆகும். சபாபதி முன்னாடி நின்னுட்டு இருப்பாரு. நாப்பது வண்டி கண்ணு முன்னாடி வந்து நிக்கும். என்ற வாயி தானா, ஞாபகம் இல்லீங்கன்னு சொல்லிரும். வேப்பமரத்தடியில கையி தானா அழுத்துன மாதிரி.

கையி தானா அழுத்தலை சார். நாந்தான் அழுத்துனேன். கோடப் பாத்தேன், சனிக்கிழமை தேதியப் பாத்தேன். அழுத்திட்டேன்.

சத்தி வந்துருச்சு. ஏனுங்க, மைசூர் பஸ்ஸு அரை மணிக்கு ஒண்ணு வரும். அடுத்த பஸ்ஸுல போலாமுங்களா நீங்க? கோர்ட்டு இங்கதான், நடந்தே போயிரலாம். நீங்க சும்மா பின்னாடி பெஞ்சுல ஒக்காந்திருந்தாப் போதும். உங்ககிட்டச் சொன்னத மாத்திச் சொல்றதுக்கு எனக்கு நாக்கு வராது... டிக்கெட் புக் பண்ணியாச்சுங்களா? சரிங்க. பரவால்லீங்க. நீங்க யாரோ, நான் யாரோ, கேட்டது என்ற தப்பு. போயிட்டு வாங்க.

எறங்கறாங்க எல்லாரும். அந்தப் புள்ளையும் எறங்கப் போகுது.

அம்மிணி! ருக்மணி! எறங்காத, அங்கயே நில்லு. ஏனுங்க, கொஞ்சம் வழி விடுங்க. கண்டக்டரே, ஒரு நிமிசம், விசில் அடிக்காதீங்க. எல்லாரும் கேளுங்க, நீங்களும் கேளுங்க. கேளும்மா. கூட்டம் இருக்கறப்பவே சொல்லிர்றேன், உள்ள போனா மாத்திருவேன். உங்கூட்டுக்காரரு வெள்ளிக்கிழமை வந்தாரு. பெடலு இறுகுது, ஓட்டிப் பாருங்கன்னு சொன்னாரு. சனிக்கிழமை போனும் பண்ணுனாரு. கம்ப்யூட்டர்ல நாலு தடவ இருந்துச்சு. நாந்தான் அழிச்சேன். நான் அந்த வண்டிய ஓட்டிப் பாக்கவே இல்லம்மா.